பூத்துக் கொட்டும் சீத்தா மரத்தில் காய் பிடிக்க: கையால் மகரந்தம் சேர்க்கும் முறை

சீத்தா மரம் மூன்றாம் ஆண்டிலிருந்தே நன்றாகப் பூக்கும். ஆனால் நூறு பூ பூத்தாலும் இரண்டு மூன்று காய்தான் நிற்கும். நின்ற காயும் ஒரு பக்கம் புடைத்து, இன்னொரு பக்கம் சூம்பிப் போயிருக்கும். உடனே உரம் போதவில்லை, மண்ணில் சத்தில்லை என்று யூரியாவை அள்ளி வைப்பவர்கள் அதிகம். அதில் இலைதான் தழைக்கும், பூ உதிர்வது நிற்காது. பெரும்பாலான வீட்டு மரங்களில் குறை மண்ணில் இல்லை. பூவுக்கு மகரந்தம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஒரு சின்ன பிரஷ்ஷும் காலையில் அரை மணி நேரமும் இருந்தால் இதைச் சரிசெய்யலாம்.

பிரஷ் பிடிப்பது சுலபம். எந்தப் பூவில் வைப்பது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதனால் முதலில் பூவைப் பார்ப்போம்.

பூவுக்குள் என்ன இருக்கிறது

ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வையுங்கள். பச்சையும் மஞ்சளும் கலந்த மூன்று தடித்த இதழ்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அங்குல நீளம், சதைப்பற்றாக இருக்கும். ஓர் இதழை அடியோடு ஒடித்து எடுத்தால் அதன் உள்பக்கம் அடியில் கருஞ்சிவப்புத் திட்டு இருக்கும். நடுவில் ஒரு சிறு கூம்பு. கூம்பின் உச்சியில் நெருக்கமாக நிற்பவை பெண் பாகங்களான சூல்முடிகள். அவற்றுக்குக் கீழே வளையமாகச் சுற்றி அடுக்கியிருப்பவை வெள்ளை நிற மகரந்தத் தாள்கள்.

அந்த ஒவ்வொரு சூல்முடிக்கும் அடியில் ஒரு சூல் உண்டு. நாம் உரித்துத் தின்னும் சீத்தாப்பழத்தின் ஒவ்வொரு கண்ணும் அப்படி ஒரு சூலிலிருந்து வளர்ந்ததுதான். மகரந்தம் கிடைத்த சூல் விதை பிடித்துப் பருக்கும். கிடைக்காதது அப்படியே ஒடுங்கிவிடும். பழம் கோணலாவதற்கும், கையளவுகூட வராமல் நின்றுவிடுவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. கூம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் தூள் பட்டால் பழமும் அந்தப் பக்கம் மட்டுமே வளரும்.

ஆணும் பெண்ணும் ஒரே பூவில் அடுத்தடுத்து இருக்கும்போது தானாகவே சேர்ந்துவிடக் கூடாதா என்று தோன்றும். சேராது, ஏனென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் தயாராவதில்லை. முதலில் சூல்முடிகள் தயாராகும். அவை காய்ந்து ஓய்ந்த பிறகுதான் அதே பூவின் மகரந்தப் பைகள் வெடிக்கும். ஆகவே ஒரு பூவின் தூள் வேறொரு பூவின் சூல்முடிக்குப் போயாக வேண்டும். அது அதே மரத்தின் பூவாக இருந்தாலும் போதும், சீத்தாவுக்கு இரண்டாவது மரம் தேவையில்லை.

தேனீ இந்த வேலையைச் செய்வதில்லை. பூவில் தேன் கிடையாது, வாயும் குறுகல். உள்ளே நுழைந்து திரிபவை அழுகிய பழத்தை மொய்க்கும் மிகச் சிறிய பழுப்பு நிற வண்டுகள். கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கும் வீட்டுத் தோட்டத்திலும், மருந்து அடிக்கும் இடத்திலும், மொட்டை மாடியிலும் இந்த வண்டுகள் குறைவு. அங்கெல்லாம் கைதான் வழி.

பூவின் மூன்று நிலைகள்

மொக்கு நிலையில் மூன்று இதழ்களும் நுனிவரை இறுக ஒட்டியிருக்கும். அழுத்தினால் கெட்டியாக இருக்கும். இதைத் தொட வேண்டாம்.

பெண் நிலையில் இதழ்களின் நுனி மட்டும் லேசாக விலகும். ஒரு துடைப்பக்குச்சி நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. இதழ்கள் இன்னும் விறைப்பாகவே நிற்கும். விரித்துப் பார்த்தால் சூல்முடிகள் ஈரப்பசையோடு பளபளக்கும். கீழே உள்ள மகரந்தத் தாள்கள் வெள்ளையாக, ஒன்றோடொன்று நெருக்கமாக, தொட்டாலும் உதிராமல் இருக்கும். மகரந்தம் வைக்க வேண்டிய பூ இதுதான்.

ஆண் நிலையில் இதழ்கள் நன்றாக அகன்று வெளிறிப்போயிருக்கும். மகரந்தத் தாள்கள் தளர்ந்து பழுப்பேறி, பூவைத் தட்டினாலே ரவை போல உதிரும். சூல்முடிகள் பளபளப்பு இழந்து காய்ந்திருக்கும், பல பூக்களில் அவையும் சேர்ந்தே உதிரும். தூள் எடுக்க வேண்டிய பூ இது. இதற்குப் பிறகு சில மணி நேரத்தில் இதழ்கள் கொட்டிவிடும்.

புதிதாகச் செய்பவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் தவறுவது இந்த இடத்தில். நன்றாக விரிந்த பூதான் மலர்ந்த பூ என்று எண்ணி, ஆண் நிலைக்குப் போன பூவில் பிரஷ்ஷை விட்டுச் சுழற்றுகிறார்கள். அந்தப் பூவின் பெண் காலம் முதல் நாளே முடிந்துவிட்டது. எவ்வளவு தூள் வைத்தாலும் காய் பிடிக்காது. பாதி மூடியதுபோல் நிற்கும் பூதான் உங்களுக்குக் காய் தரப் போகிற பூ.

தொடங்கும் முன் ஐந்தாறு பூக்களைத் தாராளமாகப் பலி கொடுங்கள். வெவ்வேறு அளவு திறந்தவற்றைப் பறித்து, ஓர் இதழைக் கிள்ளிவிட்டு, வரிசையாக வைத்துப் பாருங்கள். எப்படியும் உதிரப் போகிற பூக்கள்தான். இந்தப் பத்து நிமிடம் பிறகு ஒரு பருவம் முழுவதையும் காப்பாற்றும்.

எப்போது செய்வது

தமிழ்நாட்டுச் சமவெளியில் கோடை மழை விழுந்ததும் சித்திரை, வைகாசியில் பூக்கத் தொடங்கி ஆடி வரை விட்டுவிட்டுப் பூக்கும். முதலில் வரும் பூக்களில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அனல் காற்றில் சூல்முடி சீக்கிரம் காய்ந்துவிடும், மகரந்தமும் வீரியம் குறைந்திருக்கும். வெயில் தணிந்து, காற்றில் ஈரம் ஏறிய பிறகு வரும் பூக்களில்தான் நன்றாகப் பிடிக்கும். கோடைப் பூவையும் விட மனமில்லை என்றால், மரத்தடியில் இலைச் சருகை நான்கு விரற்கடை உயரத்துக்கு மூடாக்காகப் போட்டு, முந்தைய மாலையே மண்ணை நன்றாக நனைத்துவிட்டு, காலை ஏழு மணிக்குள் வேலையை முடியுங்கள். பூவின் மேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது. நனைந்த சூல்முடியில் தூள் வீணாகும்.

பூவை ஒரே சமயத்தில் வரவழைக்கவும் ஒரு வழி உண்டு. மாசி, பங்குனியில் தண்ணீரை நிறுத்தினால் மரம் இலையை உதிர்க்கும். அப்போது சென்ற ஆண்டு வளர்ந்த பென்சில் பருமன் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் கவாத்து செய்து, மிச்சமுள்ள இலைகளைக் கையால் உருவிவிட வேண்டும். சீத்தாவின் மொட்டு இலைக்காம்பின் அடிக்குள் மறைந்திருக்கிறது. இலை போனால்தான் அது வெளியே வரும். பிறகு தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விட்டால், ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதத்தில் புதுத் தளிரோடு பூவும் வரும்.

தேவையான பொருள்கள்

ஓவியம் தீட்டும் மெல்லிய பிரஷ், 2 அல்லது 3ஆம் எண். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். முடி மென்மையாக இருக்க வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டாம். அது பூவின் வாய்க்குப் பெரிது, தூளையும் பஞ்சுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும்.

மூடியுள்ள சிறு டப்பா ஒன்று, உள்ளே சொட்டு ஈரம்கூட இல்லாமல். கறுப்பு நிறமாக இருந்தால் தூள் இருப்பது கண்ணுக்குத் தெரியும். இல்லையென்றால் அடியில் கறுப்புச் சார்ட் தாளை வெட்டிப் போடலாம். ஒரு தட்டு, பழைய செய்தித்தாள், டீ வடிகட்டி, அடையாளம் கட்டக் கலர் நூல். இவ்வளவு போதும்.

மாலையில்: தூளுக்குப் பூ சேகரித்தல்

சீத்தாவின் மகரந்தப் பைகள் பெரும்பாலும் விடியற்காலையில் வெடிக்கும். மரத்துக்கு மரம், வானிலைக்கு ஏற்ப இது முன்பின்னாகும். அதனால் முந்தைய மாலையே பூவைப் பறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மாலை நான்கிலிருந்து ஆறு மணிக்குள் மரத்தைச் சுற்றி வாருங்கள். பெண் நிலையைத் தாண்டி இதழ்கள் அகன்று, வெளிறத் தொடங்கிய, ஆனால் தாள்கள் இன்னும் உதிராத பூக்களைப் பறியுங்கள். ஒல்லிக் கிளையின் நுனியில் இருப்பவையாகப் பார்த்துப் பறித்தால் நஷ்டமில்லை, அந்த இடத்தில் காய் பிடித்தாலும் கிளை தாங்காது. ஒரு பூவின் தூள் மூன்று நான்கு பூவுக்கு வரும் என்று கணக்கு வையுங்கள். மறுநாள் இருபது பூவுக்குச் செய்ய நினைத்தால் ஆறேழு பூ பறித்தால் போதும்.

பறித்த பூக்களைச் செய்தித்தாள் விரித்த தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மின்விசிறிக் காற்று நேராகப் படாத அறையில் இரவு முழுவதும் திறந்தே வையுங்கள். டப்பாவில் அடைத்தால் வியர்த்து, தூள் கட்டியாகிவிடும். எறும்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் ஒவ்வொரு பூவையும் காம்பைப் பிடித்துக் கவிழ்த்து, டப்பாவின் மேல் பிரஷ் காம்பால் தட்டுங்கள். தாள்களும் தூளும் சேர்ந்து விழும். இதழ்த் துணுக்கு விழுந்தால் வடிகட்டியில் சலித்துவிடலாம். தாள்களைப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை. கறுப்புத் தாளில் மெல்லிய வெளிர்மஞ்சள் பொடி படிந்திருந்தால் தூள் தயார். தாள்கள் மட்டும் விழுந்து பொடி படியவில்லை என்றால் பைகள் இன்னும் வெடிக்கவில்லை. இளவெயில் மறைவாகப் படும் இடத்தில் அரை மணி நேரம் வைத்து மறுபடி பாருங்கள். மரத்திலேயே அன்று காலை ஆண் நிலைக்கு வந்த பூக்கள் இருக்கும், அவற்றையும் தட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுத் தூளுக்கு வீரியம் அதிகம்.

தூளை அன்றே பயன்படுத்துவதுதான் சரி. அன்று மழை பிடித்துக்கொண்டால், டப்பாவை இறுக மூடி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைக்கலாம். வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள். டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் உள்ளே ஈரம் கோக்காது. அதற்கு மேல் வைத்த தூளைக் கொட்டிவிடுவதே மேல்.

காலையில்: தூள் வைத்தல்

காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். மேகமூட்டமான நாளில் பத்து மணி வரை போகலாம்.

முதலில் பூவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரல் பருமனோ அதற்கு மேலோ உள்ள கிளையில், மரத்தின் உட்பக்கமாக, இலை நிழலில் தொங்கும் பூக்களுக்கு முதலிடம். காய் முற்றும்போது கால் கிலோ எடையைத் தாங்கும் கிளையா என்று பாருங்கள். ஒரே கணுவில் இரண்டு மூன்று பூ இருந்தால் ஒன்றுக்கு மட்டும் வைத்தால் போதும்.

பூ கீழ்நோக்கித் தொங்கும். இடது கையின் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இதழ்களின் மேல்பாகத்தைப் பிடித்து, நுனியை மெதுவாக விலக்குங்கள். காம்பை முறுக்கக் கூடாது. இதழ் ஒடிந்தால் பரவாயில்லை, கூம்பில் நகம் படக் கூடாது. வலது கையில் பிரஷ்ஷை டப்பாவில் ஒற்றி, முடி நுனி முழுவதும் தூள் ஏறியிருப்பதைப் பார்த்து, கீழிருந்து மேலாகப் பூவுக்குள் செலுத்துங்கள். சூல்முடிகளில் மெதுவாகப் படும்படி கூம்பைச் சுற்றி இரண்டு முழுச் சுற்று. பிறகு பூவின் மறுபக்கமிருந்து பிரஷ்ஷை நுழைத்து இன்னொரு சுற்று. இந்தக் கடைசிச் சுற்றை விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் கோணல் பழம் வருகிறது, ஏனென்றால் பிரஷ் நுழைந்த பக்கத்தில் தூள் அதிகம் படும், எதிர்ப்பக்கத்துக்கு எட்டாது. கையை எடுத்ததும் இதழ்கள் தாமாக மூடிக்கொள்ளும். அந்த மூடல் உள்ளே ஈரத்தைக் காக்கும்.

பூவின் வாய் மிகவும் குறுகலாக இருந்தால் ஓர் இதழைக் கிள்ளிவிட்டுச் செய்யலாம். வெயில் படும் பூவில் மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம், சூல்முடி சுருக்கெனக் காய்ந்துவிடும்.

ஒவ்வொரு பூவுக்கும் பிரஷ்ஷை மறுபடி தூளில் ஒற்றுங்கள். ஒரு தடவை ஒற்றி ஐந்து பூவுக்கு இழுத்தால் கடைசி இரண்டு பூவுக்குத் தூள் இருக்காது. முடித்த பூவின் காம்பில் இறுக்காமல் நூலைக் கட்டுங்கள். வாரத்துக்கு ஒரு நிறம் வைத்துக்கொண்டால் எந்த வாரம் அதிகம் பிடித்தது, எந்தக் காய் எப்போது முற்றும் என்பதெல்லாம் பிறகு ஒரு பார்வையில் தெரியும்.

ஒரே நாளில் பெண் நிலையில் பத்துப் பதினைந்து பூதான் சிக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை என்று மூன்று நான்கு வாரம் செய்ய வேண்டியிருக்கும். மூன்று வயது மரத்தில் பதினைந்து இருபது காய்க்கு மேல் வைக்காதீர்கள். வளர்ந்த மரம் என்றால் ஐம்பது அறுபது வரை போகலாம். கை வைத்தால் பிடிக்கிறதே என்ற உற்சாகத்தில் அத்தனை பூவுக்கும் வைத்தால், எல்லாம் எலுமிச்சை அளவிலேயே நின்று கிளையும் முறியும்.

பிடித்ததா என்று பார்ப்பது

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இதழ்கள் விழுந்துவிடும். காம்பு பச்சையாகத் தடித்து, நடுக்கூம்பு பச்சை மாறாமல் நின்றால் பிடித்துவிட்டது. காம்பு மஞ்சளாகி, தொட்டதும் கையோடு வந்தால் பிடிக்கவில்லை.

பிடித்த பிஞ்சு சில சமயம் கடுகளவிலேயே வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும், குறிப்பாகக் கோடையில். பயந்து பறித்துவிடாதீர்கள். மழை பெய்து மண்ணும் காற்றும் ஈரமானதும் வளரத் தொடங்கும். இந்தச் சமயத்தில் மண் ஒருநாள் பாளம்பாளமாக வெடித்தும் மறுநாள் சேறாகியும் மாறிமாறி இருந்தால் பிஞ்சு உதிரும். வாரம் இரண்டு முறை, ஒரே அளவாகத் தண்ணீர் கொடுங்கள்.

நூல் கட்டிய பூக்களில் ஒன்றுகூட நிற்கவில்லை என்றால் வரிசையாகச் சோதியுங்கள். விரிந்த பூவில் வைத்தீர்களா? தூள் ஈரமாகிக் கட்டியாயிருந்ததா? பத்து மணிக்கு மேல் வெயிலில் செய்தீர்களா? செய்த அன்று மழை பெய்ததா? நான்கும் இல்லையென்றால் அந்த வாரத்துப் பூவின் மகரந்தமே வீரியமில்லாததாக இருக்கலாம். பக்கத்து வீட்டு மரத்துப் பூவின் தூளை வாங்கி வந்து ஒரு முறை வைத்துப் பாருங்கள்.

வண்டுகளையும் துணைக்குக் கூப்பிடுங்கள்

கை எட்டாத உயரக் கிளைகளை வண்டுகளிடம் விட்டுவிடலாம். பூக்கும் காலத்தில் அழுகிய வாழைப்பழம், அன்னாசித் தோல் இரண்டையும் கொட்டாங்கச்சியில் போட்டு மரத்தடியில் மூன்று நான்கு இடத்தில் வையுங்கள். புளித்த வாடைக்குச் சின்ன வண்டுகள் வரும். மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். சருகைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியிலேயே விடுங்கள். காய் பருக்கத் தொடங்கியதும் இந்தத் தீனியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பழ ஈயும் சேர்ந்து வந்துவிடும்.

பூ இருக்கும் வரை எந்தப் பூச்சிமருந்தும் அடிக்கக் கூடாது. மாவுப்பூச்சி தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். மாவுப்பூச்சியைப் பேணி வளர்ப்பது எறும்பு என்பதால், தண்டில் பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவுவது பாதி வைத்தியம். காய் பிடித்து முடிந்த பிறகு, மாலையில், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து தெளிக்கலாம்.

ரகத்துக்கு ஏற்ற மாற்றங்கள்

நாட்டுச் சீத்தா, தெலங்கானாவிலிருந்து வந்த பாலாநகர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை நிலையம் வெளியிட்ட ஏபிகே 1 எல்லாவற்றுக்கும் மேலே சொன்ன முறை அப்படியே பொருந்தும். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சஹான் கலப்பின ரகம். பழம் பெரிது, விதை குறைவு, ஆனால் தானாகப் பிடிப்பது போதாது. அதற்கு பாலாநகர் அல்லது நாட்டுச் சீத்தாவின் தூளை வைப்பதே வழக்கம். ஆகவே அர்கா சஹான் நடுகிறவர்கள் பக்கத்திலேயே ஒரு சாதாரணச் சீத்தாவையும் நட்டுக்கொள்ள வேண்டும். மாடியில் என்றால் அதை ஒரு டிரம்மில் வைத்தாலும் போதும்.

முள் சீத்தாவுக்கும் இதே வேலைதான். பூ பெரிதாக, தண்டிலேயே வருவதால் கைக்கு எளிது. இதழ்கள் மிகத் தடிப்பாக இருப்பதால் ஒன்றை ஒடித்துவிட்டுச் செய்வது நல்லது. கூம்பும் பெரிது, நான்கு பக்கமும் பொறுமையாகச் சுற்ற வேண்டும்.

தூள் வைத்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் சீத்தாக் காய் முற்றும். கண்களுக்கு நடுவே உள்ள பள்ளம் விரிந்து, பச்சை மாறி வெளிர்மஞ்சள் கோடு தெரிந்தால் பறிக்கலாம். எலுமிச்சை அளவில் இருக்கும்போதே பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டிவிட்டால் பழ ஈ தொடாது, அணிலும் அவ்வளவு சுலபமாகக் கை வைக்காது. பறித்த காயை அரிசிப் பானையிலோ வைக்கோலிலோ வைத்தால் இரண்டு மூன்று நாளில் பழுக்கும். முதல் பழத்தைப் பிட்டதும் விதையில்லாத ஒடுங்கிய கண்கள் எந்தப் பக்கம் கூடியிருக்கின்றன என்று பாருங்கள். அடுத்த பருவத்தில் பிரஷ்ஷை எந்தப் பக்கம் கூடுதலாகச் சுற்ற வேண்டும் என்பது அதிலிருந்தே தெரியும்.